ஊர்க்கோடு

பதினோரு நாள், நான்கு மணி நேரம்.

ஊரில் ஆவுடையின் கோடு அவ்வளவு தூரம்தான் போனது. அதற்கப்புறம் திரை வெறுமையாக இருந்தது.

தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். ஒப்பீட்டு அலுவலகத்தில் பொறியாளர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் விபூதி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்படி வராதே," என்றார். "இருங்க மேடம், இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கறேன்."

மறுபடி ஓட்டினார். நீலக்கோடு நகரம். அது இடது ஓரத்தில் கிளம்பி, ஏறி இறங்கி, முப்பது வருடத்தைக் கடந்து வலது ஓரத்தில் போய் முட்டியது. பச்சைக்கோடு ஊர். அது ஒரு புள்ளியாக இருந்தது. அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் புள்ளியும் ஒரு கோடு என்று தெரிந்தது. அதே பதினோரு நாள். அதே நான்கு மணி நேரம்.

ஆவுடை கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். 

"இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமில்ல?" என்று தணிகாசலம் கேட்டார். விளக்கிச் சொல்வது அவருக்குப் பிடித்த காரியம் என்று தோன்றியது. "மெஷினுக்குள்ள உங்களை மாதிரியே ரெண்டு பேரை உண்டாக்கறோம். ஒருத்தி இங்கயே இருக்கா. இன்னொருத்தி ஊருக்குத் திரும்பிப் போறா. ரெண்டு பேரையும் முப்பது வருஷம் வாழ விடறோம். டீ ஆறறதுக்குள்ள வாழ்ந்து முடிச்சிருவாங்க."

"எதை வச்சு சார்?"

"எல்லாத்தையும் வச்சுத்தான். போன், கரண்ட் பில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன். உங்களோடது, உங்க வீட்டாளுங்களோடது, உங்களை மாதிரி இருக்கிற மத்தவங்களோடது. ஊருக்குப் போனா வாழ்க்கை ரொம்ப கீழ போயிடும்னு வந்தா, தாராளமா இங்க இருங்க. பெரிய வித்தியாசமில்லன்னா, ஊருக்குக் கிளம்புங்க. மூணு கோடிப் பேர் வந்தாச்சு மேடம். தண்ணி ரெண்டு கோடிக்குத்தான் இருக்கு. யாரை அனுப்பறதுன்னு நாம முடிவு பண்ணா பாவம். மெஷின் பண்ணா பாவமில்ல."

அவரே சிரித்துக்கொண்டார்.

"கோடு நின்னா என்ன சார் அர்த்தம்?"

"நிக்காது. ஆள் செத்துட்டாக்கூட மெஷின் காரணம் போடும். மாரடைப்பு, பஸ் விபத்து, பிரசவம். இந்தா பாருங்க, காரணம்னு கட்டம். காலியா இருக்கு. காரணமில்லாம யாராவது சாவாங்களா? அப்ப இது பிழை. எங்கயோ ஒரு அழுக்குத் தரவு உள்ள பூந்திருக்கு." அவர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்குள்ள உங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரிச்சா கண்டுபிடிச்சிரலாம்."

"வீட்டுக்கா சார்?"

"வழக்கமான விசாரணைதான். பயப்படாதீங்க."

வேண்டாம் சார் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் வேண்டாம் என்று சொல்லி ஆவுடைக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர்களிடமும் இல்லை.

"சரி சார்," என்றாள்.

*

நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு மதியம்தான் போய்ச் சேர்ந்தாள். வேதியியல் பட்டத்தோடு இந்த நகரத்துக்கு வந்து நான்கு வருடமாக அங்கேதான் வேலை. நகரம் மதுராந்தகத்தைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. புதிதாக எழும்பும் ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் முதல் குழாய்த் தண்ணீர் அவள் மேசைக்கு வரும். அவள் சொட்டு மருந்து விடுவாள். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் குடிவரலாம்.

அன்று சொட்டு குப்பிக்கு வெளியே விழுந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் வெளியே விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் மேசையைத் துடைத்தாள்.

விடுதிக்குத் திரும்பியபோது ஃபர்சானா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர்ப் பெண். ஒரு வருடமாக ஆவுடையின் அறைத்தோழி.

ஒப்பீட்டுக்குப் போய் வருகிறவளிடம் முடிவு என்ன என்று விடுதியில் யாரும் நேராகக் கேட்பதில்லை. தண்ணீர் அட்டை இருந்தால்தான் அறை. அனுமதி கிடைக்காதவளின் அட்டை அன்றைக்கே அவளுடைய ஊருக்கு மாற்றப்பட்டுவிடும். எந்த நகரத்துக்குப் போனாலும் இதே சட்டம்தான். ஆகையால் பெண்கள் வேறு ஒன்றைக் கேட்பார்கள்.

"உனக்குத் தண்ணி பிடிக்கட்டுமாடி?" என்றாள் ஃபர்சானா.

"தெரியல."

"தெரியலன்னா? அரைக் குடம் பிடிக்கவா?"

ஆவுடை சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஃபர்சானா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மெஷின் நின்னு போச்சு. வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"அவ்வளவுதானே? என்னமோ தூக்குத்தண்டனை குடுத்த மாதிரி நிக்கற. எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஊர்ல என் கோடு ஜம்முனு போச்சு. கல்யாணம், பிள்ளைங்க, மாடி வீடு. எனக்கே ஆசையாயிடுச்சு. சரி, பெட்டி கட்ட வேண்டியதுதான்னு நினைச்சேன். அப்ப பொத்துனு விழுந்தது. தோல் பதனிடற ஷாப்புத் தண்ணி, காத்து. பத்தாவது வருஷம் நுரையீரல் போயிடும்னு சொல்லிடுச்சு." அவள் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "என் நுரையீரல் குடுத்த அனுமதி இது. தினம் துவா பண்றேன் அதுக்கு."

"நீ என்ன காரணம் எழுதிக் கொடுத்த?"

"எல்லாரும் எழுதறதுதான். சம்பளம், ஆஸ்பத்திரி, ரயில் வசதி. நிஜக் காரணத்தை எழுத முடியுமா?"

"நிஜக் காரணம் என்ன?"

ஃபர்சானா உரித்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தனியா ஓட்டலுக்குப் போய் ரெண்டு பரோட்டா சொல்லி, காலை நீட்டி உக்காந்து சாப்பிடுவேன். எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நீ யார் வீட்டுப் பொண்ணும்மான்னு ஒருத்தன் கேக்க மாட்டான். அதுக்காக இந்த ஊர்ல நான் கக்கூஸ்கூட கழுவுவேன். ஆனா அந்த மெஷின் பரோட்டாவைக் காரணமா எடுத்துக்குமா சொல்லு." அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். "உன்னுது என்னடி?"

 அந்தச் சமயத்தில் ஆவுடையின் போன் அடித்தது. அம்மா.

*

மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. தெற்கே கட்டட உச்சிகளில் பாரந்தூக்கிகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"இனிமேத்தான்."

"நேரத்துக்குத் தின்னுட்டி. போட்டோவுல பாத்தேன், கழுத்தெலும்பு தெரியுது. அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவல. அண்ணன் ஒன்னையக் கேட்டான்." அம்மாவின் குரல் எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கும். "ஒங்க ஆபீஸுல இருந்து ஒருத்தரு பேசுனாரு. மரியாதையான ஆளு. அம்மா அம்மான்னு வார்த்தைக்கு வார்த்தை கூப்ட்டாரு."

ஆவுடை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் இன்றே பேசிவிட்டார்.

"என்ன கேட்டாரு?"

"கோமதியப் பத்திக் கேட்டாரு. காய்ச்சல்ல போயிட்டான்னு சொன்னேன். என்ன காய்ச்சல்னாரு. நாங்க என்னத்தக் கண்டோம், டாக்டரு எழுதிக் குடுத்தாரு, அம்புட்டுத்தான்னேன். ஒங்கிட்டயும் கேப்பாராம். நீயும் அதயே சொல்லிரு, என்னா? ஆளுக்கொண்ணு சொன்னா அவுகளுக்குக் கொழப்பம்."

"ம்."

கோமதி அக்கா. ஆவுடையைவிட மூன்று வயது பெரியவள். கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். அங்கே ஒருவனோடு பழகினாள். அவன் வேறு ஆட்கள். அவள் ஊருக்கு வந்தாள். பிறகு இறந்துபோனாள். யாராவது கேட்டால் ஆவுடை இந்த ஐந்து வாக்கியங்களைத்தான் சொல்வாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும் இவ்வளவுதான்.

"அப்புறம் இன்னொண்ணும் கேட்டாரு," என்றாள் அம்மா. "பரிதின்னு ஒரு பையனத் தெரியுமான்னு."

பாரந்தூக்கி ஒன்று பாதியில் நின்றது. ஆவுடை அதையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா ஒங்க ரெண்டு பேரு போனும் ஒரே எடத்துல இருக்காம்லா. மெஷினு சொல்லுதாம். என்ன மெஷினோ, போ." அம்மா சிரித்தாள். "யாருட்டி அவன்?"

"தெரிஞ்சவரும்மா. சர்வே வேல பாக்காரு."

"நம்ம ஆளுகளா?"

அம்மாவுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சத்தமாக விளம்பரம் சொன்னார்கள்.

"சரி, விடு. நான் கோவப்பட்டேனா? அப்பாட்டயும் அண்ணங்கிட்டயும் சொல்லல. அவுகள எதுக்குக் கெளறணும்? நான் இருக்கேம்லா. நீ கோமதி மாதிரி இல்லன்னு நம்பித்தான் ஒன்னய அம்புட்டுத் தூரம் அனுப்புனேன். கெளம்பி வா. வந்தா பேசிக்கிடலாம்."

"சரிம்மா."

"நல்லா சாப்டு."

போன் அணைந்த பிறகும் ஆவுடை அதைக் காதிலேயே வைத்திருந்தாள். வந்தால் பேசிக்கொள்ளலாம். கோமதி பெட்டியோடு வந்து இறங்கியதும் இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். அன்று ஆவுடையிடம் ஆசையாகச் சொன்னாள். பாருட்டி, பேசிக்கிடலாம்னுட்டாக, நான்தான் வீணாப் பயந்துட்டேன்.

*

மறுநாள் மதிய இடைவேளையில் பரிதி வந்தான். முழங்கால்வரை செம்மண். நகரத்தின் தெற்கு எல்லையில் புது வார்டுகளுக்கு அளவு பார்ப்பது அவன் வேலை. கூடத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"நேத்து ஊரை நானூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வச்சிருக்கேன்," என்றான். "கல்லு நானே நட்டேன். நாளைக்கு அங்க ஒரு லட்சம் பேர் வந்து வீட்டு வாடகை ஜாஸ்தின்னு என்னைத் திட்டுவாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். கோடு நின்றதையும் அம்மா பேசியதையும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அக்கம்பக்கத்து மேசைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாராவது ஊர்க்காரர்கள் இருக்கக்கூடும். நான்கு வருடத்தில் அவளுக்கு இந்தப் பயம் வந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு முகமும் தெரிந்த முகமாக இருந்தது.

"பதிவுத் திருமணம் பண்ணிக்கலாம்," என்றான் பரிதி.

"பண்ணா ரெண்டு பேர் ஊருக்கும் நோட்டீஸ் போகும். ஒரு மாசம் ஒட்டி வைப்பாங்க. உனக்கே இன்னும் நிரந்தர அனுமதி கிடைக்கலை. ஒரு மாசம் நான் எங்க இருக்கறது?"

"சரி. ஆனா உங்கம்மா நல்லாத்தானே பேசியிருக்காங்க? உங்கப்பா கிட்டகூடச் சொல்லலையே. அவங்க உன் பக்கம்தானே?"

ஆவுடை தட்டில் இருந்த சாதத்தைப் பார்த்தாள்.

"நீ கொஞ்ச நாள் எங்கயாவது போயிரு," என்றாள்.

"நானா? நான் எங்க போறது? என் கல்லெல்லாம் இங்கதான் நட்டு வச்சிருக்கு." அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். "ஆவுடை, உங்கக்கா எப்படி இறந்தாங்க?"

"காய்ச்சல்," என்றாள்.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு தெளிவாக வருகிறது அந்த வார்த்தை. மூச்சு விடுவது போல.

*

வெள்ளிக்கிழமை தணிகாசலம் உற்சாகமாக இருந்தார். அவளுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"இன்னிக்கு இந்த அறையில பேசறது எல்லாம் பதிவாகும் மேடம், முடிவு சொல்ற நாள் இல்லையா. நீங்க கண்டுக்காதீங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பிழையைக் கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு நாளா இதே வேலை. என் வீட்டம்மா என்னைக் கேலி பண்றா, யாருங்க அந்த ஆவுடைன்னு."

ஆவுடை டீயைத் தொடவில்லை.

"மெஷின் ஒருத்தரை ஊர்ல வாழ வைக்கணும்னா, அவரை மாதிரியே இருந்து ஊருக்குத் திரும்பிப் போன ஆட்களைத் தேடும். சாதாரணமா ஆயிரம் பேர் கிடைப்பாங்க. எல்லாரையும் கலந்து ஒரு சராசரி எடுக்கும். உங்க விஷயத்துல ஒரே ஒருத்தர் அப்படியே அச்சா பொருந்திட்டாங்க. அதே வீடு, அதே படிப்பு, அதே வயசு, அதே மாதிரி ஊருக்கு வெளிய ஒரு..." அவர் சற்றுத் தயங்கினார். "ஒரு நட்பு. உங்கக்கா. அவ்வளவு நெருக்கமா ஒருத்தர் கிடைச்சா மெஷின் மத்த ஆயிரம் பேரையும் விட்டுட்டு அவங்களையே பிடிச்சுக்கும். அவங்க ஊருக்குப் போய்ப் பதினோரு நாள்ல காய்ச்சல்ல போயிட்டாங்க. உங்களுக்கும் மெஷின் அதே நாள்ல கோட்டை நிறுத்திடுச்சு. பைத்தியக்காரத்தனம் இல்லையா? அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்கு ஏன் வரணும்?"

"அதனால?"

"எடுத்துட்டேன். ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாம ஓட்டினேன். பாருங்க."

திரையைத் திருப்பினார். பச்சைக்கோடு இருந்தது. அது நிற்கவில்லை. முப்பது வருடம் சீராகப் போனது.

"நாலாவது மாசம் கல்யாணம். தனியார் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். ரெண்டு பிள்ளைங்க. ரத்த அழுத்தம்கூட இங்கயிருக்கறதைவிடக் கம்மி. தூக்கம் நல்லாருக்கு. இதுல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? உங்கம்மாவும் நீங்களும் பேசற நேரம். அது வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. பேரப்பிள்ளைங்களை அவங்கதான் வளக்கறாங்க." அவர் உண்மையாகவே மகிழ்ச்சியோடு சொன்னார். "ரெண்டு கோட்டுக்கும் வித்தியாசமே இல்ல மேடம். சொல்லப்போனா ஊர்க்கோடு ஒரு இழை மேல இருக்கு."

"அப்ப எனக்கு அனுமதி..."

"கிடைக்காது. வருத்தம்தான். ஞாயித்துக்கிழமை பஸ். டிக்கெட் நாங்களே போடறோம்." ஒரு கண்ணாடிப் பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்த வரியை எடுத்ததுக்குக் குடும்பத்துல ரெண்டு பேர் ஒப்புதல் வேணும். அக்கா இறந்தது காய்ச்சல்லதான்னு. உங்கம்மா போன்லயே சொல்லிட்டாங்க. நீங்க விரலை வச்சாப் போதும்."

பலகையில் விரல் வைக்கும் இடம் மங்கலாக ஒளிர்ந்தது. ஆவுடை அதைப் பார்த்தாள்.   ஞாயிற்றுக்கிழமை பேருந்து. திங்கட்கிழமை காலை அம்மா வாசலில் நிற்பாள். பெட்டியை வாங்கிக்கொள்வாள். மெலிஞ்சு போயிட்டியே என்பாள்.

"சார்," என்றாள். "நீங்க எடுத்தீங்கல்ல, அந்த வரி. அதோட ஓடினதை ஒரு தடவை காட்டறீங்களா? அந்தப் பதினோரு நாளை."

"அது பிழை மேடம். அதைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு தடவை."

தணிகாசலம் தோளைக் குலுக்கிவிட்டுத் திறந்தார். நாள் நாளாக விரிந்தது. கோமதிக்கு நடந்ததை வைத்து ஆவுடைக்காக மெஷின் கட்டிய நாட்கள். படம் எதுவும் இல்லை. யார் போன் எங்கே இருந்தது, கடையில் என்ன வாங்கினார்கள், எந்த அறையில் மின்விசிறி ஓடியது. அவ்வளவுதான்.

"முதல் நாள் வந்து சேர்றீங்க. வீட்டுல எல்லாரும் இருக்காங்க. ரெண்டாம் நாள் ஒண்ணுமில்ல. மூணாம் நாள் உங்க போன் அணைஞ்சிருது. அப்புறம் அது திறக்கவே இல்ல. சார்ஜர் மறந்திருப்பீங்க." அவர் இயல்பாகப் படித்துக்கொண்டு போனார். "அஞ்சாம் நாள் கடையில வெல்லம், நெய், முந்திரி. பலகாரம் செய்யறாங்க போல. நல்ல கவனிப்பு. ஏழு, எட்டு... பின் அறை மின்விசிறி ராத்திரி பகலா ஓடுது. நீங்க அந்த அறையிலயே இருக்கீங்க. பத்தாம் நாள் ஒண்ணுமில்ல. பதினோராம் நாளும் அப்படித்தான். மறுநாள் காலையில உங்கப்பா போன் டவுனுக்குப் போகுது. அண்ணன் போன் மில்லுக்குப் போகுது. வீட்டுல நீங்களும் அம்மாவும் மட்டும். அப்புறம் கோடு நிக்குது."

அவர் அடுத்த வரிக்குப் போனார். மறுபடி மேலே வந்தார்.

"காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு ஒரு போனாவது போகணும்," என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். "ஒரு மாத்திரைகூட வாங்கலை. ஆட்டோ கூப்பிடலை. அதான் மெஷினுக்குக் காரணம் பிடிபடலை."

அவர் கை விசைப்பலகையின் மேலேயே நின்றது.  அவர் அவளைத் திரும்பிப் பார்த்தபோது முகத்தில் அந்த உற்சாகம் இல்லை.

"மேடம், உங்களுக்கு ஏன் இந்த ஊர் வேணும்?"

ஆவுடை பேசவில்லை.

"வேலைன்னு சொல்லாதீங்க. வேலையை மெஷின் அங்கயும் குடுக்குது. எனக்கு ஒரு காரணம் வேணும். காரணம் இருந்தா அந்த வரியைத் திரும்ப உள்ள வைக்கலாம். வச்சா கோடு நிக்கும். நின்னா நீங்க போக வேண்டாம். ஆனா கட்டத்தைக் காலியா விட முடியாது. நீங்கதான் சொல்லணும்."

சொன்னால் பதிவாகும். பதிவானால் அழியாது. காவல்துறை வீட்டுக்குப் போகும். ஊர் முழுக்க வாசலில் வந்து நிற்கும். பத்தாம் வகுப்புவரை அவளுக்குத் தலை பின்னிவிட்ட கைகளை, பரீட்சைக் காலத்தில் அவளோடு சேர்ந்து விழித்திருந்த கண்களை, அவள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் விரலை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஏற வேண்டும். பரிதி சும்மா இருக்க மாட்டான். அவளைத் தேடிக்கொண்டு வருவான். அவனோடும் பேசிக்கொள்ளலாம் என்பார்கள்.

 அவள் தாடையை இறுக்கினாள்.

"அக்காவுக்குக் காய்ச்சல் இல்ல, சார்."

தணிகாசலம் அசையவில்லை. "அப்புறம்?"

ஆவுடை டீயை எடுத்து ஒரு வாய் குடிக்கப் பார்த்தாள்.  வைத்துவிட்டாள்.

"அப்பாவா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"அண்ணனா?"

"அவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டா," என்றாள். "நான் காலேஜுக்குப் போயிட்டேன்னு நினைச்சா. அன்னைக்கு பஸ் வரலை. நான் திரும்பி வந்து அடுப்படி வாசல்ல நின்னேன். அக்காவுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, பக்கத்துல உக்கார வச்சிருந்தா. அழுதுக்கிட்டே இருந்தா. சளி பிடிச்சிரும், கஷாயம் குடின்னு சொன்னா. அக்கா கசக்குதுன்னா. கண்ணை மூடிட்டு ஒரே மடக்கா குடிச்சிருன்னா."

"யாரும்மா?"

ஆவுடை பலகையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா," என்றாள். "அக்காவுக்குப் பூச்சி மருந்து குடுத்துக் கொன்னது எங்கம்மா."